கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹூஸ்டனைச் சுற்றி, சுகர்லேண்டிலும் கேட்டியிலும் பேர்லேண்டிலும் சைப்ரஸிலும் குடியிருக்கும் அன்பர்களே,

பள்ளிகளுக்கு விடுமுறை விட்டாயிற்று. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் தரிசனம் முடித்து, கையில் கட்டிய புளியோதரையோடு அப்படியே 45ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து, நண்பகலுக்குள் கால்வெஸ்டன் மணலில் குடை விரிப்பது நம் வீடுகளில் கோடைதோறும் நடக்கும் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தைக் கைவிடுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அதில் நீங்கள் கவனிக்காமல் கடந்துபோகும் சிலவற்றை நேருக்கு நேர் சொல்லியாக வேண்டும் என்று எழுதுகிறேன்.

கிளம்புமுன் நீங்கள் வானிலை பார்க்காமல் இல்லை. போனைத் திறந்தால் ஒரு சூரியன் படம், பக்கத்தில் 91 என்று ஓர் எண், கீழே மழை 20 சதவீதம். அதை அப்படியே படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'வெதர் சூப்பர், கிளம்பலாம்' என்று எழுதிவிடுகிறீர்கள். நான் பேச வந்தது அந்தப் படத்தைப் பற்றித்தான். கால்வெஸ்டனில் கோடைக்காலத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை மூன்று: புழுக்கம், கடலின் இழுப்பு, மெக்சிகோ வளைகுடாப் புயல். இவற்றில் ஒன்றுகூட நீங்கள் பகிரும் அந்தப் படத்தில் இல்லை.

'நாம் பார்க்காத வெயிலா? கத்திரியிலேயே மொட்டை மாடியில் வடாம் போட்டவர்கள் நாம்' என்று நம்மவர்கள் சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. நீங்கள் வெயிலைப் பார்த்தவர்கள்தான். ஆனால் அந்த வெயிலில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மெரினா மணலில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் நம்மில் யார்? சென்னையில் கடற்கரைக்கு மாலையில் போவோம். கத்திரியில் உச்சி வேளை என்றால் கதவைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டுப் படுத்துவிடுவோம். நம் பெரியவர்களைக் காத்தது அந்த ஒழுங்கு. இங்கே வந்ததும், பயணத் தூரமும் கார் நிறுத்தும் தொல்லையும் சேர்ந்து, அதைத் தலைகீழாக்கிவிட்டோம்.

கால்வெஸ்டன் புழுக்கத்தின் காரணம் கண்ணெதிரே இருக்கும் கடல். சூலையிலும் ஆகஸ்டிலும் வளைகுடாவின் நீர் 85 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 30 டிகிரி செல்சியஸுக்கு அருகே போய்விடுகிறது. அந்த நீரின் மேல் வழியாக வரும் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும்; காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை வழியுமே ஒழிய உலராது. காற்றின் வெப்பம் 90, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் உடல் உணர்வது 105க்கு அருகில். இந்த எண்ணைத்தான் ஹீட் இண்டெக்ஸ் என்கிறார்கள். அதுவும் நிழலில் நிற்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் இன்னும் 15 டிகிரி வரை கூடலாம். இந்த எண் 108ஐ எட்டும் என்று தெரிந்தால் நம் வட்டாரத்து தேசிய வானிலைச் சேவை அலுவலகம் வெப்ப அறிவிப்பு வெளியிடும். போனில் தெரியும் 91ஐப் பார்த்து நீங்கள் கிளம்பும் அதே காலையில் அந்த அறிவிப்பும் வெளியாகியிருக்கலாம். அதை யாரும் குழுவில் போடுவதில்லை.

இரவிலாவது தணியுமா என்றால், அதுவும் இல்லை. தீவில் கோடை இரவுகள் 80 டிகிரிக்குக் கீழே இறங்காமலே விடிவது சாதாரணம். வார இறுதி முழுவதும் வாடகை வீட்டில் தங்கி, முதல் நாள் வெயிலில் வாடிய உடம்போடு இரண்டாம் நாளும் மணலுக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். முதல் நாளைவிட இரண்டாம் நாள் ஆபத்து அதிகம்.

உங்கள் அப்பா அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அறுபத்தைந்து, எழுபது வயதில் இருபது மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் பயணம் செய்து வந்தவர்கள். பலர் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள். சிறுநீரைக் கூட்டி உடலின் நீரைக் குறைக்கும் மாத்திரைகளும் அவற்றில் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வெப்பத்தைத் தாங்கும் திறன் இன்னும் குறைவு. இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. கழிப்பறை எங்கே இருக்குமோ என்ற கவலையில் நம் அம்மாக்கள் வெளியே போகும் நாட்களில் தண்ணீரே குடிப்பதில்லை. மகனிடமும் மருமகனிடமும் இதைச் சொல்லவும் மாட்டார்கள். தலை சுற்றினாலும் 'எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நீங்க பிள்ளைகளைப் பாருங்க' என்றுதான் சொல்வார்கள். லீவு போட்டு, இவ்வளவு தூரம் கூட்டிவந்த பிள்ளையின் மகிழ்ச்சியைக் கெடுக்கக் கூடாது என்பது அவர்கள் நினைப்பு. அந்த வார்த்தையை நம்பி உட்கார வைத்துவிடாதீர்கள். பேச்சு குழறினால், எங்கே இருக்கிறோம் என்று தடுமாறினால், உடம்பு கொதித்தால், அது 'கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும்' என்ற நிலை இல்லை. உடனே 911ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். விசிட்டர் இன்சூரன்ஸ் இதை ஏற்குமா ஏற்காதா என்ற யோசனைக்கு அந்த நிமிடத்தில் இடம் கொடுக்காதீர்கள்.

அவர்களைக் காலை வெயில் ஏறுமுன் அழைத்துப் போங்கள். இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல். கழிப்பறைக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போடுங்கள். தூங்குகிறார்கள் என்று காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். மூடிய காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் 20 டிகிரி அளவுக்கு ஏறிவிடும். கைக்குழந்தைக்கும் இதே விதிதான்.

இனி கடல். இந்தக் கடலைப் பற்றி நம்மவர்களிடம் எனக்குள்ள பெரிய ஆதங்கம், அதை நாம் மெரினாவைப் போல நினைத்துக்கொள்வது. மெரினாவில் நம்மில் பெரும்பாலோர் முழங்கால் வரை நனைத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். கால்வெஸ்டனில் கரையோர நீர் ஆழமில்லாமல், வெதுவெதுப்பாக, பழுப்பாக இருப்பதால் பயம் விட்டுப்போகிறது. இடுப்பளவு, மார்பளவு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கிறோம். நம் வீடுகளில் நீந்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தெரிந்தவர்களும் நீச்சல் குளத்தில் கற்றவர்கள்.

கடற்சுவரை ஒட்டிய கரையில் கடலுக்குள் நீளும் கருங்கல் தடுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் மீனவக் கிராமங்களில் தூண்டில் வளைவு என்று கட்டுகிறார்களே, அதே வகை. அந்தக் கற்களின் ஓரத்தில் நீர் எப்போதும் கரையிலிருந்து கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டத்தால் தரையும் அங்கே குழிந்து கிடக்கும். ரிப் கரண்ட் என்பது இதுதான். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று நாம் படமெடுத்துக்கொள்கிறோம். அலை பெரிதாகத் தெரியாத இடம் என்பதால் பிள்ளைகளை அங்கேயே இறக்குகிறோம். அலை உடையாத இடத்தில்தான் நீர் உள்ளே இழுக்கும் என்பதைத் தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இழுப்பில் சிக்கியவரை அது அடியில் அமுக்காது. கரையை விட்டு வெளியே கொண்டுபோகும். கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போவதால்தான் மூழ்குகிறார்கள். மிதந்தபடி கையை ஆட்டி உதவி கேட்க வேண்டும்; முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். உங்கள் பிள்ளை சிக்கினால் நீங்கள் குதிக்காதீர்கள் என்று சொல்வது கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனால் காப்பாற்றப் போனவரே இறந்துபோவது இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. கடற்கரைக் காவலரைக் கூவி அழையுங்கள், 911ஐ அழையுங்கள், மிதக்கும் எதையாவது எறியுங்கள். ஐஸ் பெட்டியின் மூடிகூட உதவும்.

காவல் கோபுரங்களில் கொடி ஏற்றியிருப்பார்கள். பச்சை என்றால் கடல் அமைதி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் அலையும் இழுப்பும் பலம், ஊதா என்றால் ஜெல்லி மீன் போன்ற கொட்டும் உயிர்கள் இருக்கின்றன. 'பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்ற வானொலிச் செய்தியைக் கேட்டு வளர்ந்த நமக்கு நான்கு நிறக் கொடியைப் படிப்பது கடினமா? வானம் நீலமாக இருக்கும்போதே சிவப்புக் கொடி ஏறும் நாட்கள் உண்டு. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வளைகுடாவில் ஒரு புயல் போய்க்கொண்டிருந்தாலே போதும், அதன் அலைகள் இங்கே வந்து சேரும். அன்று போனில் சூரியன் படம்தான் இருக்கும். ஆனால் வானிலைச் சேவை தினமும் வெளியிடும் கடற்கரை முன்னறிவிப்பில் ரிப் கரண்ட் ஆபத்து குறைவு, மிதம், அதிகம் என்று ஒரு சொல்லில் எழுதியிருப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அரை நிமிடம் செலவிடக் கேட்கிறேன்.

காவலர் இருக்கும் ஸ்டூவர்ட் பீச், ஈஸ்ட் பீச், கடற்சுவர் கோபுரங்கள் ஆகிய இடங்களில் மட்டும் நீரில் இறங்குங்கள். கோபுரத்தில் ஆள் வராத அதிகாலையில் மணலில் நடக்கலாம், கிளிஞ்சல் பொறுக்கலாம். பிள்ளைகளைக் கடலில் விட வேண்டாம். தீவின் மேற்குக் கோடியில் உள்ள சான் லூயிஸ் பாஸ் பக்கம் தண்ணீரில் காலே வைக்காதீர்கள். வளைகுடாவுக்கும் உட்கடலுக்கும் நடுவே ஓதநீர் அந்தக் குறுகிய வாய் வழியாக வேகமாகப் போய்வருகிறது. அங்கே போன உயிர்கள் ஏராளம்.

மழையைப் பற்றிச் சுருக்கமாக. 40 சதவீதம் என்றால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மழை விழ நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு என்று பொருள். பாதி நாள் மழை பெய்யும் என்று பொருளில்லை. கோடையில் பெரும்பாலும் விடிகாலையில் கடலோரத்தில் தூறும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று அந்த மழையை உள்நாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும். திங்கட்கிழமை பார்த்த மழைக் கணிப்பை வைத்துச் சனிக்கிழமையை முடிவு செய்யாதீர்கள். வெள்ளி இரவு பாருங்கள். இடி கேட்டால் எல்லோரும் நீரைவிட்டு வெளியேறிக் காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்தே திரும்ப வேண்டும். குடையின் கீழும் துணிக்கூரையின் கீழும் ஒதுங்குவது பாதுகாப்பு ஆகாது.

புயலுக்கு வருகிறேன். நீங்கள் நடைபோடும் அந்தக் கடற்சுவர் எதனால் எழுந்தது என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? 1886இல் டெக்சாஸ் கரையில் இண்டியனோலா என்ற துறைமுக ஊர் புயலில் இரண்டாம் முறை அழிந்தது. நமக்கும் ஒரு சுவர் வேண்டும் என்று கால்வெஸ்டன் அப்போது பேசியது, பேச்சோடு விட்டது. 1891இல் கால்வெஸ்டனின் வானிலை அதிகாரி ஐசக் கிளைன், புயல் தன் ஊரைப் பெரிதாகத் தாக்கும் என்று நினைப்பதே அபத்தம் என்று உள்ளூர் செய்தித்தாளில் எழுதினார். 1900 செப்டம்பரில் கியூபாவின் வானிலையாளர்கள் ஒரு புயல் வளைகுடாவுக்குள் போகிறது என்று கணித்தார்கள். ஆனால் அவர்களுடைய புயல் தந்திகளுக்கு வாஷிங்டன் அதிகாரிகள் தடை போட்டிருந்தார்கள். அது வடகிழக்கே திரும்பிவிடும் என்பது வாஷிங்டனின் கணிப்பு. செப்டம்பர் 8 அன்று கடல் பதினைந்து அடிக்கு மேல் எழுந்தது. தீவின் மிக உயர்ந்த இடமே ஒன்பது அடிக்குக் குறைவு. குறைந்தது 6,000 பேர், 8,000 பேராகவும் இருக்கலாம், ஒரே இரவில் இறந்தார்கள். கிளைனின் மனைவியும் அவர்களில் ஒருவர். செயின்ட் மேரி அனாதை இல்லத்தின் கன்னியர்கள் குழந்தைகளைக் கயிற்றால் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டார்கள். பத்துக் கன்னியர்களும் தொண்ணூறு குழந்தைகளும் போனார்கள். மூன்று சிறுவர்கள் பிழைத்தார்கள். அமெரிக்க வரலாற்றில் இதைவிட அதிக உயிர்களைப் பலிகொண்ட இயற்கைப் பேரழிவு இல்லை. அதற்குப் பிறகுதான் பதினேழு அடி உயரச் சுவர் எழுந்தது. கடலிலிருந்து மணலை அள்ளிக் கொட்டி, வீடுகளைத் தூக்கி நிறுத்தி, ஊரையே உயர்த்தினார்கள்.

இதை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்னறிவிப்பு கிடைக்காததால் அன்று மக்கள் இறந்தார்கள். 1943 சூலையில் வந்த புயலிலும் அதே கதை: போர்க்காலம் என்பதால் கப்பல்களின் வானிலைத் தகவல்கள் அடக்கப்பட்டிருந்தன, ஊருக்குச் சரியான எச்சரிக்கை போகவில்லை. அந்தப் புயலின் கண்ணுக்குள்தான் ஜோ டக்வொர்த் என்ற விமானி முதன்முறையாக வேண்டுமென்றே விமானத்தை ஓட்டிப் போய்த் திரும்பினார். இன்று விமானங்கள் புயலுக்குள் போய் அளந்து வருகின்றன. மயாமியில் உள்ள தேசியச் சூறாவளி மையம் ஏழு நாள் முன்பே, இங்கே ஒன்று உருவாகலாம் என்று படம் வரைந்து காட்டுகிறது. அன்று உயிரை இழந்தவர்களுக்குக் கிடைக்காத ஒன்று நம் கையில் இலவசமாக இருக்கிறது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல், யாரோ ஒருவர் யூடியூபில் அலறுவதைக் குழுவில் பகிர்கிறோம். அல்லது 'போன தடவையும் சொன்னார்கள், ஒன்றும் ஆகவில்லையே' என்று தள்ளிவிடுகிறோம்.

2024 பெரில் புயல் உங்களுக்கு மறந்திருக்காது. சூலை 4 விடுமுறையன்று அதன் பாதை மெக்சிகோவை நோக்கி இருந்தது. பலர் அத்தோடு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். மூன்று நாளில் பாதை வடக்கே நகர்ந்து, சூலை 8 விடிகாலையில் மேட்டகோர்டா பக்கம் கரையேறியது. முதல் வகைப் புயல்தான். ஆனால் ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. அடுத்த நாட்களின் புழுக்கத்தில், குளிர்சாதனம் இல்லாத வீடுகளுக்குள்ளேயே மனிதர்கள் வெப்பத்தால் இறந்தார்கள். புயலின் வகை எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்லும். 2008இல் ஐக் இரண்டாம் வகையாகத்தான் கால்வெஸ்டனில் கரையேறியது. அதன் காற்று வந்து சேர்வதற்கு வெகு முன்பே, முந்தைய நாளிலேயே, கடல் எழுந்து பொலிவார் தீபகற்பத்தின் சாலையை மூடிவிட்டது. சாயங்காலம் கிளம்பிக்கொள்ளலாம் என்றிருந்தவர்களுக்குக் கிளம்ப வழியில்லை.

நேர்மாறான தவறும் உண்டு. 2005இல் ரீட்டா வருகிறது என்றதும், வெளியேறச் சொல்லப்படாத லட்சக்கணக்கானவர்களும் சாலையில் இறங்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புயல் இல்லை, அந்த நெரிசலும் வெப்பமும்தான். முதியோர் இல்லத்தவரை ஏற்றிவந்த பேருந்து டல்லஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்ததும் அப்போதுதான். ஆகவே உங்கள் வீட்டு அஞ்சல் எண் எந்த வெளியேற்ற மண்டலத்தில் வருகிறது என்று இன்றே பார்த்து வையுங்கள். மண்டலத்தில் இருப்பவர்கள் சொன்னவுடன் கிளம்புங்கள். இல்லாதவர்கள் வீட்டிலேயே இருந்து, கடலோர மக்களுக்குச் சாலையை விடுங்கள். தீவில் வாடகை வீட்டில் இருக்கும்போது அறிவிப்பு வந்தால், கட்டிய பணத்தை எண்ணிக்கொண்டு அங்கே இருந்துவிடாதீர்கள்.

தமிழ்ச் சங்கங்களை நடத்துபவர்களிடமும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களிடமும் தனியாக ஒரு விண்ணப்பம். கோடைச் சந்திப்பைக் கடற்கரையில் வைத்தால், மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை என்று அறிவிப்புப் போடாதீர்கள். மாலை நான்குக்குப் பின் வைத்து, காவலர் பணியில் இருக்கும் நேரத்துக்குள் பிள்ளைகளின் கடல் குளியலை முடித்துவிடுங்கள்; பெரியவர்கள் ஐந்துக்கு மேல் வந்து சேரட்டும். முந்தின இரவும் அன்று காலையும் வானிலைச் சேவையின் அறிவிப்பைப் படித்து, ஹீட் இண்டெக்ஸ், ரிப் கரண்ட் ஆபத்து, சூறாவளி மையத்தின் ஏழு நாள் படம் ஆகிய மூன்றையும் குழுவில் தமிழில் எழுத ஒருவரை நியமியுங்கள். ஏற்பாடெல்லாம் முடிந்த நிலையிலும் ஒத்திவைக்கும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். ஒத்திவைத்தவரை ஏசாதீர்கள்.

கடற்கரைக் காவலர்களோடு வாதாடுவதையும் விட்டுவிடுங்கள். விசில் ஊதித் திரும்பி வரச்சொல்லும் அந்தப் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் அந்தக் கரையின் ஒவ்வொரு குழியையும் அறிந்தவர்கள்.

வரும் சனிக்கிழமையே தொடங்குங்கள். ஐஸ் பெட்டியைக் காரில் ஏற்றுமுன் ஹீட் இண்டெக்ஸ், ரிப் கரண்ட் ஆபத்து, ஏழு நாள் படம் மூன்றையும் பாருங்கள். அம்மாவைத் தண்ணீர் குடிக்க வையுங்கள். கொடி சிவப்பு என்றால் பிள்ளைகளை மணலிலேயே விளையாட விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்